கூட்டலா? பெருக்கலா?

கணிதத்திற்கு மொழி கிடையாது என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருப்போம். மேடைகளில் சொல்வார்கள், பெற்றோர் கூட்டங்களில் சொல்வார்கள், தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளைக்கு ஆறுதலாகவும் சொல்வார்கள். எண் எங்கே போனாலும் எண்தானே, எழுதும் முறை மட்டும்தானே மாறுகிறது என்பது அவர்கள் வாதம். இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி நம் மாணவர்களுக்குத் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து. இதனைப் பொதுப்படையாகப் பேசினால் வழக்கமான மொழிச் சண்டையில் போய் முடியும். ஆகவே, நான் பயிலும் கணிதத்துறையிலிருந்தே ஒரு சிறு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். நீள்வட்ட வளைகோட்டு மறைகுறியியலில் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் செயலைக் கூட்டல் என்று எழுதுவதா, பெருக்கல் என்று எழுதுவதா?

பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! கலைத்துறை நண்பர்களும் பின்தொடரக்கூடிய அளவுக்குத்தான் கணக்கு வரும். தவிரவும், உங்கள் கைப்பேசியில் வாட்ஸ்அப் இருந்தால் இந்த வளைகோடு ஏற்கெனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அச்செயலி தன் பயனர் அனைவருக்கும் செய்திகளை மறைகுறியாக்கத் தொடங்கியது. அதில் சாவிகளை உருவாக்குவது டேனியல் பெர்ன்ஸ்டைன் 2005-இல் வடிவமைத்த ‘கர்வ்25519’ என்னும் வளைகோடு. பெயரைக் கண்டு முட்டை வடிவத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். நீள்வட்டத்தின் வில்லின் நீளத்தை அளக்கப் புறப்பட்டவர்கள் வழியில் கண்டெடுத்த வளைகோடு என்பதால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. உருவத்தில் இது நீள்வட்டமே அன்று.

முதலில் பெருக்கலின் கதை. 1976-இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர், முன்பின் சந்திக்காத இரண்டு பேர் ஊரறியப் பேசிக்கொண்டே தங்களுக்குள் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள். சிறிய எண்களைக் கொண்டு பார்ப்போம். 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது விதி. அடிப்படை எண் 5. கபிலன் தன் மனத்தில் 6 என்று வைத்துக்கொண்டு, 5-இன் ஆறாம் அடுக்கைக் கணக்கிட்டு மீதியான 8-ஐ ஊருக்குச் சொல்கிறான். யாழினி தன் மனத்தில் 15 என்று வைத்துக்கொண்டு, 5-இன் பதினைந்தாம் அடுக்கின் மீதியான 19-ஐச் சொல்கிறாள். கபிலன் அந்த 19-ஐ ஆறாம் அடுக்குக்கு உயர்த்துகிறான். யாழினி அந்த 8-ஐப் பதினைந்தாம் அடுக்குக்கு உயர்த்துகிறாள். இருவருக்கும் 2 என்றே விடை வருகிறது. ஒட்டுக்கேட்டவனிடம் 5, 8, 19 எல்லாம் இருந்தும் 2 இல்லை. அவன் 8-இலிருந்து 6-ஐக் கண்டுபிடிக்க வேண்டும். அதாவது எந்த அடுக்கு என்று கேட்க வேண்டும். அதற்குப் பெயர் மடக்கை. 23 சிறிய எண், முயன்று பார்த்துவிடலாம். ஆனால் ஏறத்தாழ 900 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணாக இருந்தால் இன்றைய கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் முடியாது.

இதே விளையாட்டைப் பெருக்கலுக்குப் பதிலாகக் கூட்டலில் ஆடினால் என்னவாகும்? அடுக்கு என்பது திரும்பத் திரும்பப் பெருக்குவது. கூட்டலில் அதன் இடத்தில் நிற்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது, அதாவது மடங்கு. கபிலன் 5-ஐ ஆறு முறை கூட்டுகிறான்: 30, மீதி 7. ஊருக்கு 7 என்கிறான். ஒட்டுக்கேட்டவன் 7-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவே. மீதிக் கணக்கில் 5-ஆல் வகுப்பது 14-ஆல் பெருக்குவதற்குச் சமம், ஏனெனில் 5 × 14 = 70, மீதி 1. ஆக 7 × 14 = 98, மீதி 6. இரகசியம் வெளியே! யூக்ளிடு காலத்து வழிமுறை போதும். எண் எவ்வளவு பெரிதானாலும் கணினிக்கு இமைப்பொழுது வேலை.

இங்கேதான் ‘எழுதும் முறை மட்டும்தானே மாறுகிறது’ என்போரின் வாதத்தைக் கணிதத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு செயலும் சில விதிகளும் கொண்ட கூட்டத்திற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘குலம்’ என்று பெயர் வைத்துள்ளன. (நம் நாட்டில் இச்சொல்லைக் கேட்டால் திருமணத் தரகர் நினைவுக்கு வரலாம். வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்வோம்.) 23-இன் மீதிகளில் சுழியத்தை நீக்கினால் எஞ்சும் 22 எண்கள் பெருக்கலில் ஒரு குலம். 22-இன் மீதிகள் கூட்டலில் ஒரு குலம். இரண்டும் ஒரே அமைப்பு உடையவை என்று முதலாண்டு மாணவனே நிறுவிவிடுவான். ஓர் எண்ணைக் கொடுத்தால் 5-இன் அத்தனையாவது அடுக்கை எடு, அதுவே பாலம். மெய்ப்பிப்பில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பாலத்தில் இப்பக்கமிருந்து அப்பக்கம் போவது எளிது. அப்பக்கமிருந்து திரும்புவதுதான் மடக்கை. மறைகுறியியல் என்னும் துறை முழுவதும் அந்தத் திரும்பும் வழியின் கடினத்தில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. ‘இரண்டும் ஒன்றே’ என்ற வாக்கியம் உண்மை. ‘ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செலவின்றி மாறலாம்’ என்ற வாக்கியம் பொய். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

இனி வளைகோட்டுக்கு வருவோம். 1985-இல் நீல் கோப்ளிட்ஸ், விக்டர் மில்லர் இருவரும் ஒருவரை ஒருவர் சாராமல், எண்களுக்குப் பதிலாக நீள்வட்ட வளைகோட்டின் புள்ளிகளைக் கொண்டு இதே விளையாட்டை ஆடலாம் என்று முன்மொழிந்தார்கள். ஒய்² = எக்ஸ்³ + எக்ஸ் + 1 என்னும் வளைகோட்டை 23-இன் மீதிகளில் எடுத்துக்கொள்வோம். (3, 10), (9, 7) என்னும் இரண்டு புள்ளிகள் அதன்மேல் உள்ளன. அவற்றைச் சேர்க்க, இரண்டின் வழியாகவும் ஒரு நேர்கோடு வரைய வேண்டும். அது வளைகோட்டை மூன்றாவதாக ஓரிடத்தில் வெட்டும். அவ்விடத்தைக் கிடையச்சின் மறுபக்கத்திற்குப் பிரதிபலித்தால் கிடைப்பதே விடை: (17, 20). ஒரே புள்ளியைத் தன்னோடு சேர்க்க வேண்டுமானால் தொடுகோடு வரைய வேண்டும். (3, 10)-ஐத் தன்னோடு சேர்த்தால் (7, 12).

இந்தச் செயலில் எண்களைக் கூட்டுவதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. ஆயத்தொலைகளைக் கூட்டினால் (12, 17) வரும். அப்புள்ளி வளைகோட்டிலேயே இல்லை. அப்படியிருக்க இதனை ஏன் கூட்டல் என்றார்கள்? எவரோ நாணயத்தைச் சுண்டிப் பார்த்து வைத்த பெயர் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர், வில் நீளத் தொகையீடுகள் இரண்டின் கூட்டுத்தொகையை ஒரே தொகையீடாக எழுதும் தேற்றத்தைக் கண்டார். வளைகோட்டுப் புள்ளிகளுக்கும் அத்தேற்றத்திற்கும் உள்ள உறவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாக்கோபி சுட்டிக்காட்டினார். சிக்கலெண்களின் மீது பார்த்தால் இவ்வளைகோடு வடையைப் போன்ற ஒரு பரப்பு. அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு சிக்கலெண் நிற்கிறது. புள்ளிகளைச் சேர்க்கும்போது பின்னால் அந்த எண்கள் உண்மையாகவே கூட்டப்படுகின்றன. ஆகவே கூட்டல் என்பது இக்குலத்தின் பிறந்த வீட்டுப் பெயர். அதேபோல, டிஃபியும் ஹெல்மனும் எடுத்துக்கொண்ட குலத்தில் உண்மையாகவே எண்கள் பெருக்கப்படுகின்றன. அதற்குப் பெருக்கல் பிறந்த வீட்டுப் பெயர்.

சிக்கல் வகுப்பறையில் தொடங்குகிறது. எங்கள் பாடத்தின் விரிவுரைக் குறிப்புகளில் வளைகோட்டுப் பகுதியும் பெருக்கல் குறியீட்டில்தான் எழுதப்பட்டிருந்தது. பரிந்துரைக்கப்பட்ட நூலோ கூட்டலில் இருந்தது. மாணவர்கள் கேட்டபோது ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற விடை கிடைத்தது. அவ்விடைக்குப் பின்னால் நியாயமான காரணம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு நெறிமுறையைப் பெருக்கலில் ஒருமுறை எழுதிவிட்டால், அதனைப் பழைய எண் குலத்திலும் ஓட்டலாம், வளைகோட்டிலும் ஓட்டலாம். மெய்ப்பிப்பு எந்தக் குலம் என்று கேட்பதே இல்லை. 25-ஆம் அடுக்கை எடுக்க இருபத்து நான்கு முறை பெருக்காமல், வர்க்கமாக்கியும் இடையிடையே பெருக்கியும் ஆறே படிகளில் முடிக்கும் உத்தி, வளைகோட்டில் இரட்டித்தும் கூட்டியும் அதே ஆறு படிகளில் முடிகிறது. ஷோர் 1994-இல் கண்ட குவாண்டம் வழிமுறைக்கும் இக்குறியீட்டு வேறுபாடு பொருட்டில்லை. போதிய பெரிய குவாண்டம் கணினி வந்தால் இரண்டையும் ஒரே வீச்சில் உடைத்துவிடும்!

ஆயினும், வளைகோட்டைக் கற்பிக்கும்போது கூட்டல் குறியீட்டையே கைக்கொள்ள வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சிறிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். (3, 10)-இன் நேர்மாறு (3, 13). 13 என்பது 23-இன் மீதிகளில் −10. கழித்தல் குறி ஆயத்தொலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதனை ‘ஒன்றின் கீழ் புள்ளி’ என்று எழுதினால் கண்ணெதிரே இருப்பதை மறைத்தாகிறது. வளைகோட்டின் முடிவிலிப் புள்ளியை ‘1’ என்று எழுதுவதும் அப்படியே.

பெரிய காரணம் வேறு. 1989-இல் ஷ்னோர் முன்வைத்த மின்கையொப்பத்தைப் பாருங்கள். அடிப்படைப் புள்ளியை ‘ப’ என்போம். கையொப்பமிடுபவரின் இரகசிய எண் ‘அ’. அவரது பொதுச்சாவி ‘ம’ என்பது ப-வின் அ மடங்கு. ஒவ்வொரு கையொப்பத்திற்கும் அவர் ‘த’ என்னும் புதிய எண்ணைத் தேர்ந்து, ப-வின் த மடங்கான ‘ர’ என்னும் புள்ளியை வெளியிடுகிறார். செய்தியிலிருந்து ‘உ’ என்னும் எண் பிறக்கிறது. கையொப்பம்:

வ = த + உஅ

சரிபார்ப்பவர் செய்ய வேண்டியது, இச்சமன்பாட்டின் இருபுறத்தையும் ப-வால் பெருக்கியது போன்ற ஒன்று:

வப = ர + உம

படிவம் ஒன்றில் படித்த இயற்கணிதம் அப்படியே வேலை செய்கிறது. எண்களின் சமன்பாடு மேலே; அதன் நிழலாகப் புள்ளிகளின் சமன்பாடு கீழே. ஏன் சரியாக வருகிறது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. பெருக்கலில் எழுதினால், ‘ப-வின் வ-ஆம் அடுக்கு என்பது ர-வை ம-வின் உ-ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம்’ என்று ஆகிறது. தவறில்லை, ஆனால் கூட்டல் ஒன்று மேலே அடுக்கில் ஒளிந்துகொண்டு கீழே பெருக்கலாக வேடம் போடுகிறது. நிழலகத்தில் மூன்றாம் படியாக நகலெடுத்த குறிப்பில் அந்தச் சிறிய அடுக்கெழுத்து உவா, வவா என்று தலைகீழாக நின்றாலும் தெரியாது! ஷ்னோர் தம் கையொப்பத்தை எண் குலத்தில் வைத்துப் பெருக்கலில் எழுதினார். அது அங்கே பொருத்தம். 2021 நவம்பரில் பிட்காயின் அதனை வளைகோட்டில் ஏற்றுக்கொண்டபோது அதன் வரையறை ஆவணம் கூட்டலில் எழுதப்பட்டிருந்தது. அது அங்கே பொருத்தம்.

இவ்வெளிய தோற்றத்தால் இன்னொரு பயனும் உண்டு. ஒரே ‘த’-வை இரண்டு செய்திகளுக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டு சமன்பாடுகளைக் கழித்தால் ‘த’ உதிர்ந்துபோகிறது; எஞ்சியதை வகுத்தால் ‘அ’ கையில் விழுகிறது. இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2010 டிசம்பரில், சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கான கையொப்பங்களில் மாற வேண்டிய எண்ணை மாற்றாமலே வைத்திருந்ததை ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்னும் குழுவினர் பெர்லின் மாநாட்டில் வெளிப்படுத்தினார்கள். அங்கே பயன்பட்ட கையொப்பச் சூத்திரம் சற்று வேறு. கழித்து வகுக்கும் தத்துவம் இதுவே. வளைகோடு உடையவில்லை. எண்களின் உலகில் வகுத்தல் எளிது, புள்ளிகளின் உலகில் கடினம்; இரகசியம் எளிய உலகின் வழியாகக் கசிந்தது. எண்ணுக்கு ஓர் எழுத்து, புள்ளிக்கு வேறோர் எழுத்து என்று பிரித்து எழுதும் கூட்டல் குறியீட்டில் இவ்விரண்டு உலகங்களும் பார்த்த மாத்திரத்தில் தெரிகின்றன.

கூட்டலுக்கு எதிராக ஒரு வலுவான தடையை நண்பர் ஒருவர் எழுப்பினார். ‘அப’ என்று எழுதினால் ப-வால் வகுத்து அ-வைப் பெற்றுவிடலாம் போலத் தோன்றுகிறதே, கடினமான ஒன்றை எளிதுபோல் காட்டும் குறியீடு நல்ல குறியீடாகுமா என்றார். நல்ல கேள்வி. ஆங்கில நூல்கள் இதற்கு விடையாக, வளைகோட்டிலும் ‘மடக்கை’ என்ற பழைய பெயரையே வைத்துக்கொண்டன. மடங்கு கேட்கும் இடத்தில் அடுக்கு கேட்கும் பெயர். அவர்கள் மாணவர்களுக்கு இது உறுத்துகிறது. தமிழில் உறுத்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? மடங்கு, மடக்கு, மடக்கை எல்லாம் ஒரே வேர். ‘எத்தனை மடங்கு என்று காண்பது மடக்கை’ என்று சொன்னால் நம் செவிக்கு இயல்பாக இருக்கிறது. யாரும் வளைகோட்டை நினைத்து இச்சொல்லை ஆக்கவில்லை. ஆனாலும் கிடைத்த வசதியை ஏன் விட வேண்டும்? மடக்கை என்ற சொல் ‘இது வெறும் வகுத்தல் அன்று’ என்னும் எச்சரிக்கையைத் தாங்கட்டும். கூட்டல் குறியீடு மற்ற வேலையைப் பார்க்கட்டும்.

பெருக்கல் குறியீட்டில் எழுதுவது இன்னொரு பொய்த்தோற்றத்தையும் தருகிறது. பழைய குலத்தில் உறுப்புகள் எண்கள். எண்களைச் சிறிய பகா எண்களாகப் பிரிக்கலாம். அப்பிளவைப் பயன்படுத்தி மடக்கையைத் தாக்கும் வழிமுறை உண்டு. அதற்கு ஈடுகொடுக்கத்தான் அங்கே 3072 பிட் நீளம் வேண்டியிருக்கிறது. தக்கவாறு தேர்ந்தெடுத்த வளைகோட்டின் புள்ளிகளை அப்படிப் பிரிக்கும் வழி கிடைக்கவில்லை. அதனால் 256 பிட் அதே பாதுகாப்பைத் தருகிறது. வளைகோடு பயனுக்கு வந்த காரணமே இவ்வேறுபாடுதான். எல்லாவற்றையும் பெருக்கலில் எழுதிப் பழகியவர் புள்ளியையும் எண்ணாகவே நினைக்கத் தொடங்குவார். ஏன் ஒன்று 3072, ஏன் மற்றொன்று 256 என்ற கேள்வியே அவருக்கு எழாமல் போகலாம்.

இரண்டு குறியீடுகளும் ஒரே வரியில் நிற்கும் இடமும் ஒன்று உண்டு. 2001-இல் டான் போனே, மேத்யூ ஃபிராங்ளின் ஆகியோர் அடையாள அட்டைப் பெயரையே பொதுச்சாவியாகக் கொள்ளும் முறைக்குப் பயன்படுத்திய இணைப்புச் சார்பு, இரண்டு புள்ளிகளை வாங்கிக்கொண்டு ஒரு முடிவுறு களத்தின் உறுப்பைத் தருகிறது. உள்ளே போகும்போது மடங்காக இருந்தது வெளியே வரும்போது அடுக்காக வருகிறது. ஒவ்வொரு குலமும் தன் பிறந்த வீட்டுப் பெயரோடு நிற்பதால்தான், எந்த உலகிலிருந்து எந்த உலகிற்குத் தாண்டினோம் என்பது அங்கே தெரிகிறது. எல்லாவற்றையும் பெருக்கலாக்கி எழுதும் ஆய்வேடுகளும் ஏராளம். எனக்கு அவை தாண்டிய வாய்க்காலை மண் போட்டு மூடியதுபோல் படுகின்றன.

இப்போது தொடங்கிய இடத்திற்கு வருகிறேன். ஆறாண்டுகள் தமிழில் கணிதம் படித்துவிட்டுப் படிவம் ஒன்றில் அடியெடுத்து வைத்தபோது எங்கள் வகுப்பில் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர் நால்வர். மடங்கு ‘கண்டாஆன்’ ஆனது. அடுக்கு ‘குவாசா’ ஆனது. பின்னம் ‘பெச்சாஹான்’ ஆனது. ‘கணிதம் ஒன்றுதான், மொழி மட்டும்தான் வேறு’ என்று அங்கும் சொன்னார்கள். நால்வரில் ஒருத்தி ஆறாம் ஆண்டில் எங்கள் எல்லாரையும்விட விரைவாகக் கணக்குப் போட்டவள். மனக்கணக்கில் ஆசிரியரையே முந்துவாள். படிவம் ஒன்றின் முதல் தேர்வில் சொற்கள் விளங்காமல் பாதித் தாளை வெறுமையாக விட்டாள். மதிப்பெண்ணைப் பார்த்து அவளைக் கணிதத்தில் பலவீனமானவள் என்று எழுதிவிட்டார்கள். படிவம் நான்கில் கூடுதல் கணிதம் எடுக்க அவளுக்கு இடம் தரப்படவில்லை. அவள் அறிந்த கணிதம் எதுவும் குறைந்துவிடவில்லை. பாலத்தைக் கடக்கும் செலவை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே.

நம் முன்னாள் மாணவர்களில் சிலர் 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். 2009-இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டபோது மீண்டும் ஒரு மாற்றத்தைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் எந்த மொழி சிறந்தது என்றே வாதிட்டோம். மாறும் ஆண்டில் மாணவனுக்கு ஆகும் செலவை யார் கட்டுவது என்று கேட்டவர்கள் குறைவு. தமிழில் தொடங்கியது தவறு என்பதற்கு இதனை யாரும் சான்றாகக் காட்ட வேண்டாம். கூட்டலில் பிறந்த வளைகோட்டைக் கூட்டலில் கற்றவர்தான் பெருக்கலில் எழுதிய ஆய்வேட்டையும் தெளிவாகப் படிக்கிறார் என்பதை நான் வகுப்பிலேயே கண்டேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டாமல், ‘ஒன்றுதான், ஒன்றுதான்’ என்று சொல்லிக் கடந்து போவதைத்தான் எதிர்க்கிறேன்.

நம் கழகம் வாரந்தோறும் நடத்தும் பயிற்சி வகுப்பிற்கு அருகிலுள்ள இடைநிலைப்பள்ளிகளிலிருந்து படிவம் ஒன்று மாணவர்கள் வருகிறார்கள். அங்கே இதுவரை மலாய்ப் பயிற்சித்தாளை மட்டுமே கொடுத்து வந்தோம். வரும் தவணையிலிருந்து ஒவ்வொரு தாளின் இடப்பக்கத்திலும் அதே கணக்கைத் தமிழ்ப்பள்ளியில் பயன்பட்ட சொற்களோடு அச்சிட வேண்டும் என்று செயலவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் நான்கு பாடங்களை நானே முடித்துவிட்டேன். மீதி ஒன்பது பாடங்கள் இருக்கின்றன. அறிவியல் மாணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மலாயும் தமிழும் பிழையற எழுதத் தெரிந்தால் போதும். ஆளுக்கு ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ள முன்வருவோர் புதன்கிழமை மாலைகளில் கழக அறையில் என்னைக் காணலாம். வளைகோட்டுக் குறிப்புகளையும் கூட்டலில் ஒரு பக்கம், பெருக்கலில் ஒரு பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாமாண்டுக்கு வரும் தம்பி தங்கைகள் அவற்றை நகலெடுத்துக்கொள்ளலாம்.